ஹேமிஷ் ஒரு விளி: கேலிக் பெயர்களைத் திறந்து பார்ப்பது எப்படி

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் பலரும் முதலில் சொல்வது ஹேமிஷ். இத்தனை புகழ்பெற்ற அந்தப் பெயர் கேலிக் மொழியில் தனியாக நிற்கும் பெயரே இல்லை. ஆளின் பெயர் ஷேமஸ். ஆங்கிலத்து ஜேம்ஸுக்கு இணை. அவரைக் கூப்பிடும்போது அது 'அ ஹேமிஷ்' என்று மாறும். முன்னால் நிற்கும் அந்த 'அ' நம்முடைய 'ஏ', 'ஓ' போன்ற விளிச்சொல். தமிழ் இலக்கணப்படி சொன்னால் ஹேமிஷ் எட்டாம் வேற்றுமை. 'முருகா, இங்கே வா' என்று யாரோ கூப்பிடுவதைக் கேட்ட வெளியூர்க்காரர் ஏட்டில் 'பெயர்: முருகா' என்று எழுதிக்கொண்டு போனால் எப்படியோ, அப்படித்தான் இது ஆங்கிலத்துக்குள் போனது.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி ஏதோ ஒரு வேற்றுமையில் பிடிபட்டு உறைந்தவை. பெயருக்குப் பொருள் சொல்லும் பட்டியல்கள் இணையம் முழுக்கக் கிடைக்கின்றன. டங்கனில் பழுப்பு நிறமும் போரும் இருக்கின்றன, மால்கம் என்றால் புனித கொலும்பாவின் அடியார் என்று அவை சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மக்கினன், மக்லீன், மக்கின்டயர் போன்ற பெயர்களை நெருங்கினால் ஒன்றும் பிடிபடாது. பொருளுக்குப் போகும் முன் இலக்கணத்தைக் கழற்ற வேண்டும். எதை முதலில் கழற்றுவது என்பதிலும் ஒரு வரிசை உண்டு.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. இங்கே கேலிக் என்பது மேட்டுநிலத்திலும் மேற்குத் தீவுகளிலும் பேசப்படும் மொழி. அங்கே 'காலிக்' என்பார்கள். ஐரிஷ் மொழியின் உடன்பிறப்பு. தாழ்நிலத்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் வேறு. அது ஆங்கிலத்தின் உறவு. ராபர்ட்சன், தாம்சன், வில்சன் ஆகியவை ஸ்காட்ஸ் வழி வந்தவை. புரூஸ், சின்கிளேர் போன்றவை நார்மண்டியிலிருந்து வந்த பிரபுக் குடும்பங்களின் ஊர்ப்பெயர்கள். ஸ்டூவர்ட் ஒரு பதவியின் பெயர், அரண்மனை மேலாளர். பிரெஞ்சில் 'டபிள்யூ' எழுதும் வழக்கம் இல்லாததால் அரசி மேரியின் காலத்தில் அதன் எழுத்து மாறியது. இவற்றில் புதிர் குறைவு. புதிர் நிறைந்தவை கேலிக் பெயர்களே.

முதல் மெய் தளர்வது

ஷேமஸ் ஹேமிஷ் ஆனதில் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று தொடக்கத்தில்: ஷ, ஹ ஆகிவிட்டது. மற்றொன்று இறுதியில்: ஸ், ஷ் ஆகிவிட்டது. இரண்டுக்கும் தனித்தனி விதி.

முதல் விதியைத் தமிழர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். 'கல்' என்பதில் வரும் ககரமும் 'பகல்' என்பதில் வரும் ககரமும் ஒரே எழுத்து, ஒலி ஒன்றல்ல. இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட ககரம் தளர்ந்துவிடுகிறது. கேலிக்கின் மூதாதை மொழியில் இந்தத் தளர்ச்சி சொல் எல்லையையும் தாண்டியது. முன்சொல் உயிரில் முடிந்தால் பின்சொல்லின் முதல் மெய் தளர்ந்தது. காலப்போக்கில் முன்சொற்களின் இறுதி உயிர்கள் பல தேய்ந்து போயின. தளர்ச்சி மட்டும் இலக்கண அடையாளமாக நின்றுவிட்டது. அதனால் பெயர்களின் முதலெழுத்து விளியிலும் ஆறாம் வேற்றுமையிலும் மாறும். மகரமும் பகரமும் வகரமாகும். தகரமும் மெல்லொலிக் ககரமும் தொண்டைக்குள் உரசும் ககரமாகும். ஸகரமும் வல்லொலி டகரமும் ஹகரமாகும். ஃபகரம் முழுவதும் மறைந்து மௌனமாகிவிடும். இந்தக் கடைசி விதியைத்தான் மறக்கக் கூடாது. பல பெயர்களை அடையாளம் தெரியாமல் செய்தது அதுதான்.

இரண்டாம் விதி ஆண் பெயர்களுக்கு மட்டும். கேலிக் பேசுபவர்கள் மெய்களை 'அகன்றவை', 'ஒல்லியானவை' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நாக்கை அண்ணத்தோடு ஒட்டிச் சொன்னால் ஒல்லி. விளியிலும் ஆறாம் வேற்றுமையிலும் ஆண் பெயரின் இறுதி மெய் ஒல்லியாகும். அகன்ற ஸ் ஒல்லியானால் ஷ்.

பெண் பெயரில் முதல் மெய் மட்டுமே தளரும். மேரியின் கேலிக் வடிவம் மாரி. அவளைக் கூப்பிட்டால் 'அ வாரி'. ஸ்காட்லாந்தில் பல பெண்களின் பிறப்புச் சான்றிதழிலேயே இந்த விளி வடிவம்தான் பெயராக இருக்கிறது. ஆங்கில எழுத்தில் 'எம்-ஹெச்' என்று தொடங்குவதால் வெளியூர்க்காரர்கள் 'மைரி', 'ம்ஹாரி' என்றெல்லாம் தடுமாறுவார்கள். அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வகரம் என்று தெரிந்தால் போதும்.

மக் என்ற சொல்லும் அதன் ககரமும்

'மக்' என்றால் மகன். அயர்லாந்திலும் பிரிட்டனின் மேற்குக் கரையிலும் கல்லில் கீறிய ஓகம் எழுத்துகளில் இதன் பழைய வடிவம் 'மக்கி' என்று ஆறாம் வேற்றுமையில் கிடைக்கிறது. வேல்ஸ் மொழியில் இதே சொல் 'மப்' ஆகி, 'அப்' என்று சுருங்கியது. ஆங்கில எழுத்தில் 'எம்-ஏ-சி' என்று எழுதினால் ஸ்காட்லாந்து, 'எம்-சி' என்று சுருக்கினால் அயர்லாந்து என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டாவது முதலாவதின் சுருக்கெழுத்து, அவ்வளவே. ஒரே குடும்பத்தின் ஆவணங்களில் இரண்டும் கலந்து வரும். அடுத்த எழுத்து பெரியதா சிறியதா என்பதிலும் எந்த விதியும் இல்லை.

மக்குக்குப் பின்னால் வரும் தந்தை பெயர் ஆறாம் வேற்றுமையில் இருக்கும். டானல்ட் என்பது பழைய எழுத்தில் தோம்னல். இன்றைய உச்சரிப்பில் கிட்டத்தட்ட 'தோஅல்'. உலகை ஆள்பவன் என்று பொருள். இறுதியில் உள்ள 'ட்' கேலிக்கில் கிடையாது. ரொனால்ட் போன்ற பெயர்களைக் கேட்டுப் பழகிய காதுகள் ஒட்டவைத்தது. 'டானல்டின் மகன்' என்று சொல்லும்போது தகரம் தொண்டைக் ககரமாகி, 'மக் கோஇல்' என்பதுபோல ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து ஆங்கிலமாக்கியவர்களுக்கு அது மக்டானல்ட். காதால் கேட்டு எழுதியவர்களுக்கு மக்கானெல். வடக்கு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் உள்ள பல மக்கானெல் குடும்பங்கள் இப்படி வந்தவை. டங்கனுக்கும் இதே கதைதான்: 'டங்கனின் மகன்' காதில் விழுந்தபடி எழுதப்பட்டு மக்கானகி ஆனான்.

இனி மௌனமாகும் ஃபகரம். ஃபின்லே என்பவரின் மகன் என்றால் ஃபகரம் மறைந்து 'மக் இன்லே'. சேர்த்துச் சொன்னால் மக்கின்லே. ஃபிங்கன் என்பவரின் மகன் மக்கினன். ஃபெர்கஸின் மகன் மக்கெரஸ். 'மக்'கின் இறுதிக் ககரம் அடுத்த சொல்லின் தொடக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உயிரில் தொடங்கும் பெயர்களிலும் அதே: 'ஈ' என்று ஒலிக்கும் பழைய பெயர் கொண்டவரின் மகன் மக்கை, ஆங்கஸின் மகன் மக்கினஸ். ஆகவே மக்குக்கு அடுத்து ககர ஒலி வந்தால் அதை உடனே நம்பக் கூடாது. அதை மக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியின் முன்னால் ஓர் ஃபகரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அறிமுகமான ஒரு பெயர் எட்டிப் பார்க்கும்.

லகரத்தில் தொடங்கினால் அடுத்த சந்தேகம் 'கில்லே'. இளைஞன், ஏவலன் என்று பொருள். பெயர்களில் அடியார் என்ற பொருளில் வரும். புனிதர்களின் பெயரை மனிதருக்கு நேரடியாக இடுவது மரியாதைக் குறைவு என்று பழைய கேலிக் கிறித்தவர்கள் கருதினார்கள். கிறிஸ்து என்று பெயர் வைக்காமல் கில்கிறிஸ்ட் என்றார்கள். இயேசுவின் அடியார் கில்லிஸ். ஆயரின் அடியார் கில்லெஸ்பி. யோவானின் அடியாருடைய மகன் 'மக் கில் எஹன்'. விரைவாகச் சொல்லச் சொல்ல கில்லேயில் லகரம் மட்டும் மிஞ்சி மக்லீன் ஆயிற்று. புனித ஃபில்லனின் அடியாருடைய மகன் மக்லெல்லன், புனித ஃபின்னனின் அடியாருடைய மகன் மக்லென்னன். இரண்டிலும் ஃபகரம் மறைந்து, கில்லேயின் லகரம் முன்னுக்கு வந்தது. மக்லீனின் லகரத்தை வைத்துக்கொண்டு 'லீன்' என்றால் என்ன என்று தேடுபவர்களுக்கு விடை கிடைக்காததற்கு இதுவே காரணம்.

எல்லா லகரமும் கில்லே இல்லை. மக்லௌட் விதிவிலக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கன்னி மரியாளின் பெயர் இன்னும் கவனமாகக் காக்கப்பட்டது. அவருக்கு 'மொய்ரே' என்ற வடிவம். பிற்காலத்தில் சாதாரணப் பெண்களுக்கு வந்தது 'மாரி'. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தாலும் கலப்பதில்லை. மரியாளின் அடியார் 'கில்லே வொய்ரே', ஆங்கிலத்தில் கில்மோர். லூயிஸ் தீவில் அதே குலப்பெயரை மாரிசன் என்று எழுதினார்கள்.

கில்லேக்கு முன்பு அதே வேலையைச் செய்த சொல் 'மால்': மொட்டை, முடி மழித்தவர், எனவே துறவி, அடியார். மால்கம் என்பது 'மால் கொலும்'. கி.பி. 563-இல் அயோனா தீவில் மடம் நிறுவி 597-இல் மறைந்த கொலும்பாவின் அடியார் என்று பொருள். கொலும்பா என்ற லத்தீன் சொல்லுக்குப் புறா என்று பொருள். தெற்கே, வேல்ஸ் மொழியின் உறவான பிரிட்டானிய மொழி பேசியவர்கள் இதற்கு 'கோஸ்' என்ற சொல்லை வைத்திருந்தார்கள். கோஸ்பாட்ரிக் என்றால் பாட்ரிக்கின் அடியார். மூன்று சொற்கள், ஒரே பணிவு.

மூன்றாவது பொறி டகரத்தில். தந்தையின் பெயருக்குப் பதிலாகத் தொழிலைச் சொல்லும்போது நடுவே ஆங்கிலத்து 'தி' போன்ற 'அன்' என்ற சுட்டிடைச்சொல் வரும். ஸகரத்தில் தொடங்கும் தொழிற்பெயர் அந்த இடத்தில் தன் ஸகரத்தை இழந்து, இடையில் டகரத்தை ஏற்கும். தச்சன் கேலிக்கில் 'ஸோர்'. தச்சனின் மகன் மக்கின்டயர். பாதிரி 'ஸகர்ட்', பாதிரியின் மகன் மக்டாகர்ட். பழைய கேலிக் திருச்சபையில் குருமார் மணம் செய்துகொள்வதும் மடத்தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதும் உண்டு. மடாதிபதியின் மகன் என்று பொருள்படும் மக்நாப் அதற்குச் சாட்சி. ஆனால் மக்கின்டாஷில் உள்ள டகரம் வேறு வகை. அது 'தோஷக்' என்ற தலைவன் பெயருக்கே சொந்தமானது. இடைச்சொல் கொண்டுவந்தது இல்லை. பக்கத்தில் பக்கமாக வைத்தால் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பெயர்களில் டகரம் வந்த வழி இரண்டு. 1823-இல் ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை பெற்ற கிளாஸ்கோக்காரர் சார்ல்ஸ் மக்கின்டாஷின் பெயர் பிறகு மழைக்கோட்டுக்கே பெயராகிவிட்டது. ஒரு குறுநிலத் தலைவனின் பட்டம் கடைசியில் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்குகிறது.

மக் என்று தொடங்குவதெல்லாம் தந்தை பெயரைச் சொல்வதும் இல்லை. 1040 முதல் 1057 வரை ஆண்ட மக்பெத் அரசரின் பெயர் 'வாழ்வின் மகன்' என்று பொருள்படும் தனிப்பெயர். அவருடைய தந்தை ஃபின்லே. அரசரின் முழுப்பெயரில் இரண்டு 'மக்' வரும். இரண்டாவதுதான் தந்தையைச் சொல்வது.

இசட் ஆகிப்போன ஞகரம்

சென்னையில் சுவடிகளோடு பழகியவர்களுக்கு மெக்கன்சி என்ற பெயர் புதிதல்ல. அதில் உள்ள 'இசட்' ஒலி கேலிக்கில் எங்குமே இல்லை. கொய்ன்யக் என்ற பெயரின் ஆறாம் வேற்றுமை அது. நடுவில் வருவது நம் 'ஞ்'சை ஒத்த ஒலி. (ககரத்துக்குப் பின் வரும் ககரம் இங்கே தளர்வதில்லை, மக்ரெகரிலும் அப்படியே.) ஸ்காட்ஸ் எழுதியவர்கள் அந்த ஒலிக்கு 'யோக்' என்ற பழைய எழுத்தைப் பயன்படுத்தினார்கள். மூன்று என்ற எண்ணைப் போல வால் தொங்கும் எழுத்து. அச்சுக்கூடம் வந்தபோது அந்த எழுத்துக்கு அச்சு இல்லை. உருவத்தில் ஒத்திருந்த 'இசட்'டைக் கோத்தார்கள். படித்தவர்கள் இசட் என்றே வாசித்தார்கள். மெக்கன்சி என்ற உச்சரிப்பு அச்சுக்கோப்பவரின் பெட்டியிலிருந்து பிறந்தது.

சில குடும்பங்கள் பழைய ஒலியை விட்டுக்கொடுக்கவில்லை. 'மென்சீஸ்' என்று எழுதினாலும் 'மிங்கிஸ்' என்றே சொல்லும் வழக்கம் இருக்கிறது. 'டால்சீல்' என்ற எழுத்தை 'டீஎல்' என்று வாசிக்க வேண்டும். ஷெட்லாந்தின் அஞ்சல் குறியீடு இன்றும் 'இசட்-ஈ' என்று தொடங்குவது இதே யோக் எழுத்தின் மிச்சம்.

கென்னத் என்ற பெயரைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஆங்கிலத்தில் கென்னத் ஒன்று. கேலிக்கில் இரண்டு பெயர்கள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அழகன் என்ற பொருளில் வரும் கொய்ன்யக் ஒன்று. 858-இல் இறந்த அரசர் கென்னத் மக்கால்பினின் பெயரான கினைத் மற்றொன்று. பெயர்ப் பட்டியல்கள் இரண்டையும் குழப்பி, ஒன்றின் பொருளை மற்றதன் தலையில் கட்டிவிடுகின்றன.

கடல் வழி வந்தவை

மேற்குத் தீவுகளை நார்வேயிலிருந்து கடல் வழி வந்த, நோர்ஸ் மொழி பேசியவர்கள் பல நூற்றாண்டுகள் ஆண்டார்கள். அவர்களுடைய பெயர்கள் கேலிக் வாயில் புகுந்து, அதே வேற்றுமை விதிகளுக்குக் கட்டுப்பட்டு, இன்று கேலிக் பெயர்களிலேயே மிக அசலானவையாகத் தெரிகின்றன. மக்லௌட் குலத்தின் மூதாதை லியோட். நோர்ஸில் அழகற்றவன் என்று பொருள். ஓலாஃபின் மகன் மெக்காலே. ஈவாரின் மகன் மக்கைவர். அஸ்கெட்டிலின் மகன் மக்காஸ்கில். தோர்கெட்டில் என்ற ஒரே நோர்ஸ் பெயர் டார்குவில் என்ற முதற்பெயராகவும் மக்கார்க்குடேல் என்ற குடும்பப் பெயராகவும் இரண்டு உருவம் எடுத்தது. இந்தியாவின் கல்வி வரலாற்றில் ஓயாமல் அடிபடும் மெக்காலேயின் முன்னோர் இந்தத் தீவுகளில் பாதிரிமார்களாக இருந்தவர்கள். அந்தப் பெயரின் அடியில் இருப்பது நார்வே அரசர்களின் பெயர்.

1164-இல் ரென்ஃப்ரூ அருகே போரில் இறந்த சோமர்லெட் இந்த இரண்டு உலகங்களின் கலப்பு. அவர் பெயருக்கு நோர்ஸில் கோடைப் பயணி என்று பொருள். கப்பல் படைகள் கிளம்பும் பருவம் அது. கேலிக்கில் ஸோர்லி. மகன்களில் ஒருவர் டூகல்: 'கரிய அந்நியன்', அதாவது டென்மார்க்காரன் என்று கேலிக்கில் அமைந்த பெயர். மற்றொருவர் ராக்னல்: நோர்ஸ் பெயர். ராக்னலின் மகன் டானல்ட்: பழைய கெல்டிக் பெயர். இந்த டானல்டிலிருந்துதான் டானல்ட் குலம். மூன்று தலைமுறைக்குள் இரண்டு மொழிகளின் தடம்.

அரச குடும்பத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். மால்கம் அரசர் 1070 வாக்கில் ஆங்கில இளவரசி மார்கரெட்டை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஆறு மகன்களின் பெயர்கள்: எட்வர்ட், எட்மண்ட், எத்தெல்ரெட், எட்கர், அலெக்சாண்டர், டேவிட். முதல் நான்கும் மார்கரெட்டின் தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று வரிசையாக மேலே ஏறுகின்றன. ஆறில் ஒன்றுகூடக் கேலிக் பெயர் கிடையாது. ஆனால் அலெக்சாண்டர் மட்டும் மக்களிடம் இறங்கி, அலஸ்டர் என்ற முழுக் கேலிக் பெயராகி, மக்காலிஸ்டர் என்ற குலத்தையும் தந்தது. சான்டி என்பதும் அதே அலெக்சாண்டரின் சுருக்கம்தான்.

ஒலிக்குப் பதில் ஒப்பனை

இதுவரை சொன்னவை ஒலியைத் தொடர்ந்து வந்த மாற்றங்கள். இன்னொரு வகை உண்டு. அதற்கு விதி கிடையாது, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கேலிக் பெயருக்கு ஆங்கிலத்தில் 'இதுதான் இணை' என்று வழக்கம் ஒன்றை ஒட்டிவிட்டது. வேர் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. கில்லெஸ்பிக்கு ஆர்ச்சிபால்ட். ஆர்கைல் கோமான்களில் அத்தனை ஆர்ச்சிபால்டுகள் வருவது இதனால்தான். கேலிக்கில் அவர்கள் எல்லாரும் ஆயரின் அடியார்கள். டார்மட் என்ற நோர்ஸ்வழிப் பெயருக்கு நார்மன். ஸோர்லிக்குச் சாமுவேல். எக்கனுக்கு ஹெக்டர்: கேலிக்கில் குதிரையைச் சொல்லும் பெயர், ட்ராய் வீரனோடு தொடர்பற்றது. ரூரிக்கு ரோடரிக். டெர்லக்குக்கு சார்ல்ஸ்.

பெண்களின் பெயர்கள் இன்னும் அதிகமாகப் பாதிக்கப்பட்டன. பேஹக் என்பது வாழ்வு என்ற சொல்லில் பிறந்த அழகான பெயர். ஏடுகளில் அது ரெபேக்கா, சில இடங்களில் சோஃபியா. ஓய்ரிக் என்ற பெயருக்கு எஃபி, யூஃபீமியா, எரிகா, ஹென்ரியட்டா, ஆப்பிரிக்கா என்று ஐந்து முகமூடிகள். மோர் என்ற பெயர் ஒரு பதிவில் மேரியன், மற்றொன்றில் சாரா. 1746-இல் அரியணைக்கான போரில் தோற்றுத் தப்பி ஓடிய இளவரசர் சார்ல்ஸை ஐரிஷ் பணிப்பெண் வேடத்தில் பென்பெக்குலாவிலிருந்து ஸ்கை தீவுக்குக் கூட்டிச் சென்ற ஃப்ளோரா மக்டானல்டின் (1722–1790) கேலிக் பெயர் ஃபின்னகல். மலர்த் தெய்வத்தின் லத்தீன் பெயருக்கும் வெண்மையைக் குறிக்கும் 'ஃபின்' என்ற கேலிக் சொல்லுக்கும் முதல் ஒலியைத் தவிர எந்த உறவும் இல்லை.

பெண்ணின் குடும்பப் பெயரிலும் மக் வராது. மகள் என்பதற்கு 'நிக்'. ஆணின் பெயர் மக்லௌட் என்றால் அவருடைய சகோதரி கேலிக்கில் நிக்லௌட். மணமானாலும் அது மாறாது. 16, 17-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இதை 'என்-சி' என்று சுருக்கி எழுதுவார்கள். பெயர்த்து எழுதும்போது 'எம்-சி' என்று தவறாகப் படித்துவிட்டால் ஒரு பெண் ஆணாகிவிடுகிறாள். அதேபோல 'வி-சி' அல்லது 'விக்' என்று ஒரு சொல் நடுவில் வரும். அது மக்கின் ஆறாம் வேற்றுமை, மகரம் வகரமாகியிருக்கிறது. 'டானல்ட் மக் இயென் விக் அலஸ்டர்' என்றால் டானல்ட், இயெனின் மகன், அலஸ்டரின் பேரன். இங்கே மக் குடும்பப் பெயராகவில்லை. அந்தத் தலைமுறையோடு முடியும் உறவுச்சொல்.

குடும்பப் பெயர் என்ற ஒன்று மேட்டுநிலச் சாதாரண மக்களிடம் நிலைபெற்றது மிகத் தாமதமாக. அதனால் ஒரே குடும்பம் இரண்டு மொழியில் இரண்டு மூதாதைகளின் பெயரைத் தாங்குவதும் உண்டு. ராபர்ட்சன் குலத்தைக் கேலிக்கில் 'டங்கனின் குலம்' என்பார்கள். குலத்தை நிறுவியவர் 14-ஆம் நூற்றாண்டின் டங்கன். முதலாம் ஜேம்ஸ் அரசரைக் கொன்றவர்களை 1437-இல் பிடித்துக் கொடுத்த தலைவர் ராபர்ட். ஸ்காட்ஸ் பெயர் ராபர்ட்டிடம் நின்றுவிட்டது. கேலிக் பெயர் டங்கனிடமே இருக்கிறது.

சிலருக்குப் பெயரே குற்றமானது. கிளென் ஃப்ரூன் மோதலுக்குப் பிறகு 1603-இல் மக்ரெகர் என்ற பெயரைச் சொல்லிக்கொள்வதே மரண தண்டனைக்குரியதாக அறிவிக்கப்பட்டது. 1661-இல் தடை நீங்கி, 1693-இல் திரும்பி வந்து, 1774-இல்தான் முடிவாக அகன்றது. அதற்குள் குலத்தவர்கள் கேம்பெல், மர்ரே, டிரம்மண்ட், கிரஹாம் என்று சிதறிவிட்டார்கள். ராப் ராய் மக்ரெகரே தன் தாயின் குடும்பப் பெயரான கேம்பெலைப் பயன்படுத்தினார். (ராய் என்பது அவருடைய குடும்பப் பெயர் அல்ல, 'ருவக்', சிவப்பு முடிக்காரர்.) ஆகவே கேம்பெல் என்ற பெயர் இருந்தால் கேம்பெல் இரத்தம் என்று சொல்லிவிட முடியாது. குலப்பெயர்கள் பலவும் நிலத்தையும் பாதுகாப்பையும் சார்ந்து ஏற்கப்பட்டவை. கேம்பெல் என்பதே கோணல் வாய் என்ற பட்டப்பெயர். கேமரன் கோணல் மூக்கு. லத்தீனில் 'அழகிய வயல்' என்று கேம்பெலுக்குச் சொல்லப்படும் விளக்கம் பின்னாளில் கட்டியது.

நீ யாருடைய பிள்ளை?

தீவுகளில் புதிய முகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி 'கோ லெஷ் ஊ?': நீ யாரைச் சேர்ந்தவன்? விடையாகக் குடும்பப் பெயரைச் சொல்லிப் பயனில்லை; ஊரில் பாதிப்பேர் மக்லௌட், மீதிப்பேர் மாரிசன் என்றால் அது யாரையும் அடையாளம் காட்டாது. பெயர்ச் சங்கிலியைச் சொல்வார்கள்: 'தோஅல் இயென் ஹேமிஷ்'. டானல்ட், இயெனின் மகன், ஷேமஸின் பேரன். இந்தச் சங்கிலிக்கு 'ஸ்லோன்யக்' என்று பெயர். ஹேமிஷ் இங்கே ஆறாம் வேற்றுமையில் வந்திருப்பதைக் கவனியுங்கள். விளியும் ஆறாம் வேற்றுமையும் ஆண் பெயர்களில் பெரும்பாலும் ஒரே வடிவம். ஒரு சிக்கலும் உண்டு. டானல்ட் இயென் என்பது இரட்டைப் பெயராகவும் மிகப் பரவலாக வைக்கப்படுகிறது. இயென் உயிரொலியில் தொடங்குவதால் தளர்ச்சி எதையும் காட்டாது. அது தந்தையா, பெயரின் பாதியா என்பது ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

பெயர்கள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இடும் முறையும் காரணம். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர், மூன்றாமவனுக்குத் தந்தையின் பெயர். முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டி, இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி, மூன்றாமவளுக்குத் தாய். நான்கு அண்ணன் தம்பிகளுக்குத் திருமணமானால் தாத்தா பெயரில் நான்கு பேரன்கள். தாத்தா பெயரை வைக்க ஆண் குழந்தை இல்லையென்றால் அதற்கும் வழி இருந்தது: டானல்டீனா, முர்டீனா, ஹ்யூகீனா, ஆங்கஸீனா, வில்லியமீனா. ஒரு பாட்டன் பெயரை அழியவிடக் கூடாது என்ற அக்கறை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. நகரத்தில் சிரிப்பார்கள் என்று இவற்றைச் சுருக்கி மறைத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு இவை மிகவும் பிடித்த பெயர்கள். வடகிழக்குக் கரையின் மீனவ ஊர்களில், பக்கியைச் சுற்றி, பெயர் நெருக்கடிக்கு வேறு தீர்வு கண்டார்கள்: குடும்பப் பெயருக்குப் பின் 'டீ-பெயர்' என்று ஒரு பட்டப்பெயர். பேச்சுவழக்கைத் தாண்டி அது எழுத்துப் பதிவுகளிலும் ஏறியது.

பதிவேடுகளில் தேடும்போது

குடும்ப வேர் தேடுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது 1855-ஐப் பிடிப்பது. அந்த ஆண்டு ஜனவரி 1-இல் ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு தொடங்கியது. முதல் ஆண்டின் பிறப்புப் பதிவு அபூர்வமான செல்வம்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணமான இடமும் நாளும், முன்பு பிறந்த பிள்ளைகள் வரை கேட்டு எழுதினார்கள். வேலைப்பளு தாங்காமல் 1856-இல் பலவற்றை விட்டுவிட்டார்கள். பெற்றோரின் திருமண நாளும் இடமும் மட்டும் 1861-இல் திரும்பின. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் எல்லாவற்றிலும் இருக்கும். ஸ்காட்லாந்தில் மணமான பெண் சட்டப்படி தன் பெயரை இழப்பதில்லை என்பதால் கல்லறைக் கற்களிலும் அந்தப் பெயரே காணப்படும். கணவரின் பெயரில் மட்டும் தேடினால் தவறவிட நேரும். 1855-க்கு முன்னால் திருச்சபை ஏடுகள். அவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் ஊரில் 1553-இல் தொடங்குகிறது. தீவுகளிலோ பல ஏடுகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்கும் பிறகோதான் தொடங்குகின்றன. அங்கே கேலிக்கில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதியவர் பாதிரி. அவருக்கு எது இணை என்று பட்டதோ அதுதான் பெயர்.

ஆகவே ஒரே ஆளை இரண்டு பெயரில் தேடுங்கள். டானல்டைக் காணவில்லை என்றால் டேனியல். பாட்ரிக் இல்லையென்றால் பீட்டர். ஜேனட் திருமணப் பதிவில் ஜெஸ்ஸியாக இருக்கலாம். இசபெல்லும் எலிசபெத்தும் இடம் மாறிக்கொள்ளும். பெற்றோர் பெயரும் ஊரும் பொருந்தி முதற்பெயர் மட்டும் பொருந்தாவிட்டால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த முதற்பெயருக்குக் கேலிக் இணை என்ன என்று முதலில் பாருங்கள்.

குடும்பப் பெயருக்கு வரிசை இதுதான். 'மக்'கைக் கழற்றுங்கள். இசட் இருந்தால் யகரம் வைத்துப் படியுங்கள். ககரத்தில் தொடங்கினால் அதை மக்கிடம் கொடுத்துவிட்டு, உயிரையும் ஃபகரத்தையும் சோதியுங்கள். லகரம் என்றால் கில்லேயையும் ஒரு புனிதரையும் தேடுங்கள். 'இன்ட்' அல்லது டகரம் என்றால் தொழிலையும் பதவியையும். எதுவும் பொருந்தாவிட்டால் நோர்ஸ் பக்கம் திரும்புங்கள். இத்தனைக்கும் பிறகுதான் பொருள்.

காலின் மெக்கன்சியை எடுத்துக்கொள்ளலாம். 1754-இல் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்து, 1815-இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளராகி, 1821-இல் இறந்தவர். அவர் திரட்டிய சுவடிகளின் ஒரு பெரும் பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. குடும்பப் பெயரிலிருந்து அச்சுக்கோப்பவரின் இசட்டை எடுத்துவிட்டால் கொய்ன்யக்கின் மகன். முதற்பெயர் கேலிக்கில் கலன். ஆர்கைல் கோமானுக்குக் கேலிக்கில் வழங்கும் 'மக் கலென் மோர்', பெரிய காலினின் மகன், என்ற பட்டத்திலும் அதே பெயர்தான் இருக்கிறது. ஸ்டோர்னோவேயில் அவரைக் கேலிக்கில் கூப்பிட்டிருந்தால் ககரம் தளர்ந்து, இறுதி னகரம் ஒல்லியாகி, 'அ ஹலெஞ்' என்று ஒலித்திருக்கும்.